சுவரில் ஏறவேண்டிய படகு

"கடலக் கண்ணால பாத்ததே இல்லங்கிறீங்க. அப்புறம் எப்பிடித் தங்கச்சி கப்பல் செய்வீங்க?"

தலவாக்கலை டவுனில் ஆணியும் பெயிண்டும் விற்கும் கடைக்கார நானா, தராசில் ஆணியைக் கொட்டிக்கொண்டே கேட்டார். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நீங்க ஒரு நாளாவது கொழுந்து பறிச்சிருக்கீங்களா நானா?"

"இல்ல."

"ஆனா தேத்தண்ணி நல்லாத்தானே ஊத்துறீங்க?"

"வாய்க்கு மட்டும் கொறைச்சல் இல்ல," என்று சொல்லி ஒரு பிடி ஆணியை அதிகமாகவே போட்டார். நான் ஜெயித்த மாதிரித்தான் கடையை விட்டு இறங்கினேன். ஆனால் லிந்துலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் கேட்டது உள்ளே குத்த ஆரம்பித்தது. நான் கடலைப் போனில்தான் பார்த்திருந்தேன். நங்கூரத்தின் உயரம் எவ்வளவு, சுக்கான் சக்கரத்துக்குக் கைப்பிடி எத்தனை என்பதெல்லாம் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

அதனால் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆளும் நான்தான். எதையும் பார்த்துப் படித்துக்கொள்ள முடியும் என்ற திமிர் எனக்கு உண்டு. அது இல்லாமல் நான் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு தூரம் நடந்திருக்கவே முடியாது.

பெட்டிப் பலகை, வேலிப் பலகை, உடைத்துப் போட்ட லயத்துக் கூரைச் சட்டம் என்று கிடைத்ததில் எல்லாம் சின்ன மீன்களும் நங்கூரங்களும் கலங்கரை விளக்கங்களும் செய்து, சுவரில் மாட்டுவதற்காக நுவரெலியாவில் ஒரு பரிசுப்பொருள் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு சிங்கள அம்மா என்னைத் தேடிப் பிடித்தார். கடற்கரை ஊரிலிருந்து வந்தவர். ஏப்ரல் சீசனுக்கு முன் நுவரெலியாவில் கடலுணவுச் சாப்பாட்டுக் கடை ஒன்றைத் திறக்கவிருந்தார். ஒரு முழுச் சுவருக்கு வேண்டும் என்றார். மீன் வரிசை ஒன்று, சுக்கான் சக்கரம் ஒன்று, நடுவில் ஆறடி நீளத்தில் ஒரு படகு. எல்லாம் பழசாகத் தெரிய வேண்டும், கடலில் கிடந்து கரை ஒதுங்கியது போல இருக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லி, போனில் ஒரு படத்தையும் அனுப்பினார்.

அப்பா அந்த வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். அவர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். வயதான தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடும் வேலை. வெட்டுவது போலவே பேசுவார்.

"கணக்குப் படிச்ச புள்ள பலகையச் சொரண்டிக்கிட்டு இருக்கிறத ஊரே பாக்குது. இந்த ஒண்ண முடிச்சுக் குடுத்துட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியலன்னா அத்த சொன்ன வேலைக்குக் கொழும்புக்குப் போயிரணும். சரியா?"

கொழும்பில் அத்தை வேலை செய்யும் துணிக்கடையில் பில் போடும் இடம் ஒன்று காலியாக இருந்தது. அத்தை எனக்காக அதைப் பிடித்து வைத்திருந்தார். "சரி," என்றேன்.

படகுக்கு அகலமான பலகை வேண்டும். அதை நான் தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறம் கழித்துப் போட்ட குவியலில் கண்டுபிடித்தேன். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். முன்பு கொழுந்து வாட்டும் தட்டுகளுக்குப் போட்டிருந்த பலகைகளை அங்கேதான் குவித்து வைப்பார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு, மூன்று பலகைகளை எடுத்துக்கொண்டேன். கனமான, கோணல் இல்லாத பலகைகள். இரண்டு மாதங்கள் அவற்றை அடுப்புக்கு மேலே வைத்துக் காயவைத்தேன்.

பழசாக்குவதற்கு என்னிடம் ஒரு முறை இருந்தது. தூள் தேயிலையைக் கறுக்கக் கறுக்கக் கொதிக்கவைத்துப் பலகையில் பூச வேண்டும். அது காய்ந்ததும், துருப்பிடித்த ஆணிகளை ஊறப்போட்ட புளிப்பு வினாகிரியை அதன் மேல் தடவ வேண்டும். தேயிலைச் சாயமும் துருவும் சேர்ந்ததும் மரம் கண்முன்னே சாம்பல் நிறமாக மாறும். நூறு வருஷம் மழையில் கிடந்தது மாதிரி இருக்கும். அதன் மேல் அங்கங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்து, நீலப் பெயிண்ட் அடித்து, திரும்பச் சுரண்டுவேன்.

"புதுசா அடிச்சுட்டு ஏன்டி சொரண்டுற?" என்பாள் அம்மா.

"பழசா இருந்தாத்தான்மா வாங்குவாங்க."

"அப்ப நம்ம பழைய லயத்த அப்பிடியே தூக்கிக் குடுத்துருக்கலாமே."

அந்த மூன்று பலகைகளில் மட்டும் ஒரு விசித்திரம் நடந்தது. ஒரு பலகையில் வரிசையாக, அதுவரை கண்ணுக்கே தெரியாத ஐந்து வட்டங்களில் சாயம் ஏறவே இல்லை. ஸ்டோர் பலகை என்பதால் மெஷின் எண்ணெய் ஊறியிருக்கும் என்று நினைத்தேன். பெயிண்டும் அந்த இடங்களில் பிடிக்காமல் தானாகவே உரிந்து வந்தது. எனக்கு அது பிடித்துப்போனது. நான் செய்த எதுவும் அவ்வளவு இயல்பாகப் பழசானதில்லை. அந்தப் பலகையையே படகின் வெளிப்பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்துத் திருகாணி போட்டேன்.

கடை திறக்க வேண்டிய வாரத்தின் திங்கட்கிழமை படகு முடிந்தது. வீட்டு முன்னறையில் சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மா மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே உள்ளே பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"இந்தப் பலகைய எங்க எடுத்த?"

"ஸ்டோர் பின்னாடி. டீமேக்கர் ஐயாகிட்டக் கேட்டுட்டுத்தான். ஏன்?"

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தாள். ஐந்து வட்டங்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். பிறகு அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இது வெளக்கு வச்ச எடம்டி. நான் எண்ணெ ஊத்துன எடம். ஆத்தா ஏறி வந்த சப்பரத்துப் பலகை இது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஊர்வலம் வரும் பழைய சப்பரத்துக்கு ஒரு காலத்தில் ஸ்டோரில்தான் பலகை கொடுத்தார்கள். போன வருஷம் அதன் அச்சு முறிந்து, இரும்புச் சக்கரத்தோடு புதுச் சப்பரம் வந்தது. பழையதைப் பிரித்த கோயில் கமிட்டிக்காரர்கள், ஸ்டோர் பலகை ஸ்டோருக்கே போகட்டும் என்று டிராக்டரில் ஏற்றி அந்தக் குவியலில் கொட்டியிருக்கிறார்கள். வாட்டும் தட்டின் பலகையும் சாமி பலகையும் ஒரே மரம், ஒரே அகலம், ஒரே ஆணி. யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. எண்ணெய் ஊற்றியவளைத் தவிர.

"மீன் பொரிக்கிற எடத்துல மாட்டப் போறியா ஆத்தாவ?"

"ஆத்தாவ இல்லம்மா, பலகைய. கழிச்சுப் போட்டதத்தானே எடுத்தேன்."

"நீ பாஸ் பண்ணணும்னு தீச்சட்டி எடுத்துக்கிட்டு இந்தச் சப்பரத்துக்குப் பின்னாலதான்டி நான் நடந்தேன். யாராலன்னு நெனச்ச நீ பாஸ் பண்ணது?"

"நான் படிச்சேன்மா. நான் படிச்சதால பாஸ் பண்ணேன்."

அம்மா பின்பக்கம் போனாள். அது உண்மை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அம்மா அன்று சாப்பிடவில்லை.

காலையில் நான் எழுந்து வந்தபோது படகுக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படகின் முனையில் குங்குமம். மேலே ஒரு முழம் பூ. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து கும்பிட்டாள். அடுத்து இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் எங்கள் வாசலில் செருப்புக் குவிந்துவிட்டது. நான் மூன்று மாதம் கைநோகச் செய்த படகை இனி நானே தொட முடியாது போலிருந்தது.

"பாரேன், ஆத்தா இந்த வருசம் கப்பல்ல வாரா," என்றாள் ஒருத்தி.

"விசா எடுத்துட்டாளான்னு கேளு," என்றாள் மற்றவள். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி லொறியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட ஏற்பாடு செய்திருந்தேன். நுவரெலியாவிலிருந்து அந்த அம்மா போன் பண்ணி, "நங்கி, படகு ரெடியா?" என்று கேட்டார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி. "ரெடி மிஸ்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் தலைவர் வந்தார். தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான். பின்னால் ஏழெட்டுப் பேர். முன்னறைக்குள் இடம் போதாமல் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள்.

"ஞாயித்துக்கெழம கமிட்டி கூடி முடிவு எடுப்போம்," என்றார். "அதுவரைக்கும் இது எடத்த விட்டு அசையக் கூடாது."

"வெள்ளிக்கெழம நான் குடுக்கணும் தலைவர்."

"சாமி காரியத்துக்கு ஒனக்கு வெள்ளிக்கெழமையா?"

"அந்தப் பலகைய டிராக்டர்ல ஏத்தி ஸ்டோருக்கு அனுப்பினது யாரு?"

அம்மா என் கையைப் பின்னாலிருந்து பிடித்து அழுத்தினாள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அனுப்பினது நாங்கதான். அதக் கப்பலாக்குனது நீ."

வாசலில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவரோடு சண்டை போடுவது எளிது. இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால் அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் என் பக்கம் வந்திருப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரும்வரை வாதம் ஓடும். வெள்ளிக்கிழமை போய்விடும். நான் கொழும்பில் பில் போட்டுக்கொண்டிருப்பேன்.

"சரி தலைவர். சாமிக்குப் பாவிச்ச பலகை ஒடைஞ்சா வழக்கமா என்ன செய்வோம்?"

"ஆத்துல விடுவோம்."

"அப்ப இதையும் விட்டுருவோம். அதுக்கு எதுக்குக் கமிட்டி? நாளைக்கே விடுவோம். சட்டம் நான் பெட்டிப் பலகையில செஞ்சது, அது என்னோடது. மூணு பலகையையும் கழட்டித் தாறேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கூட வந்தவர்களைப் பார்த்தார். அவர்களில் நின்ற கோயில் பூசாரிதான் வழிவிட்டார். "புள்ள சரியாத்தான் சொல்லுது. ஆனா பெயிண்டோட விடக் கூடாது. ஆணியும் இருக்கக் கூடாது."

மறுநாள் முழுக்க நான் என் படகைப் பிரித்தேன். அம்மா வந்து விளக்கை எடுத்து, பூவை எடுத்து, பலகையைக் கும்பிட்டுவிட்டு எனக்கு இடம் விட்டாள். திருகாணிகளைக் கழற்றினேன். பசை விடவில்லை. உளியை நுழைத்துத் தட்டியபோது ஒரு மூலை பிளந்தது. அழுகை வந்தது, நிறுத்திக்கொண்டேன். நீலம் முழுவதையும் சேண்ட் பேப்பரால் தேய்த்து எடுத்தேன். அந்த ஐந்து வட்டங்களில் தேய்க்கவே தேவையிருக்கவில்லை.

அப்பா வேலை முடிந்து வந்து, தரையில் கிடந்த வெறும் சட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப கொழும்புதான்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

"இன்னும் வெள்ளிக்கெழம வரல்லப்பா."

அன்று சாயந்திரமே ஆற்றில் விடும்போது பாதித் தோட்டம் வந்துவிட்டது. பூசாரி தேங்காய் உடைத்தார். இரண்டு பலகைகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவது, அதுதான் விளக்குப் பலகை, பாலத்துக்குக் கீழே ஒரு கல்லில் சிக்கி நின்றுவிட்டது. எல்லோரும் அது ஏதோ சொல்கிறது என்பது போல என்னைப் பார்த்தார்கள். தலைவரே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, காலால் அதைத் தள்ளப் போய், வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தார்.

"தலைவர், நீங்களும் அதோட போயிறாதீங்க!" என்று கரையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "சங்கத்துச் சந்தா வாங்க ஆள் வேணும்!"

பலகை நகர்ந்தது. அம்மாவின் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். என் முகம் தளரவில்லை. எனக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

வியாழக்கிழமை விடிந்ததும் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அகலப் பலகை இனிக் கிடைக்காது. கிடைத்தாலும் காயாது. வீட்டின் பின்பக்கம் தகரத்துக்குக் கீழே விறகு அடுக்கியிருந்தது. போன வருஷம் அப்பா கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த தேயிலைக் கம்புகள். நான் பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற விறகு. அன்று அதை வேறு கண்ணால் பார்த்தேன். சாம்பல் நிறம். பட்டையில் வெள்ளையும் பச்சையுமாகப் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. வருஷக்கணக்காக வெட்டி வெட்டி, ஒவ்வொரு கம்பும் ஒரு பக்கம் வளைந்திருந்தது. தேத்தண்ணியும் வினாகிரியும் கொண்டு நான் பலகையில் வரவழைக்கப் பாடுபட்ட நிறம் அங்கே அடுக்கடுக்காகக் கிடந்தது.

வளைவுகளைப் பார்த்துப் பார்த்து உருவினேன். முனை மேல்நோக்கி வளைந்தது படகின் தலைக்கு. நீளமானது அடிக்கு. அடுக்கு பாதியாகக் குறைந்தபோது அம்மா வந்து நின்றாள்.

"மழைக்கு எத எரிக்கிறது?"

நான் நிமிர்ந்தேன். அது வெறும் கேள்வி இல்லை. மழை மாதங்களில் காய்ந்த விறகு இல்லாத வீட்டில் எப்படிச் சமைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"நான் கொண்டாறேன்மா. நானே சொமந்து கொண்டாறேன்."

அம்மா குனிந்து ஒரு கம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல யாரும் வெளக்கு வைக்கலியே?"

"இல்லம்மா."

"நல்லாப் பாத்துக்க," என்று சொல்லி என் பக்கம் போட்டாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அப்போதுதான்.

வெறும் சட்டத்தின் மேல் கம்புகளை ஒன்றுக்கு ஒன்று நெருக்கி அடுக்கி, பின்பக்கமிருந்து திருகாணி போட்டேன். தேயிலைக் கம்பு இரும்பு மாதிரி. முதலில் துளை போடாமல் திருகினால் பிளந்துவிடும். இருட்டுவதற்குள் முடித்தேன். மேலே வார்னிஷ் மட்டும் பூசினேன், நீலம் அடிக்கவில்லை. அடிக்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மழை. லொறியில் கோவா, கரட் என்று மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் படகைப் பொலிதீனில் சுற்றிப் பிடித்துக்கொண்டு போனேன். கடைக்குள் மேசைகளுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. அந்த அம்மா மீன் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பொலிதீனைப் பிரித்ததும் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தார், படகைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"நங்கி, நான் கேட்டது இது இல்லையே."

"இல்ல மிஸ். நீங்க கேட்டதச் செஞ்சேன். அது கோயில் மரம்னு பெறகுதான் தெரிஞ்சுது. அதனால திருப்பிக் குடுத்துட்டோம். இது தேயிலக் கம்பு."

என் சிங்களத்தில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். "சாப்பாட்டுல உதிருமா?"

"வார்னிஷ் அடிச்சிருக்கு. தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்த்தார். பாசித் துகள் ஒன்று விழுந்தது. ஒன்றே ஒன்றுதான். நான் அதைப் பார்க்காத மாதிரி நின்றேன். கெஞ்சக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் வேலையாளைக் கூப்பிட்டார். நடுச் சுவரில் சக்கரமும் மீன்களும் ஏறின. படகைச் சாப்பாட்டு மேசைகளிலிருந்து தள்ளி, கை கழுவும் தொட்டிகளுக்கு மேலே மாட்டச் சொன்னார். மாட்டி முடித்ததும் கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தார். "ம்," என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும் பஸ் நானு ஓயாவில் நின்றபோது நான் போனை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கிட்டாங்களா?"

"எல்லாத்தையும்."

"கப்பல எங்க மாட்டுனாங்க?"

"கை கழுவுற எடத்துல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதுக்கா இத்தன பாடு?"

"மீன் தின்னுட்டுக் கை கழுவாம யாருப்பா போவா?"

சிரிப்பு நின்றது. கத்தியைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் தீட்டினார். "சொன்ன சொல்ல நீ காப்பாத்திட்ட. நானும் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா ஒரு கடைக்குச் செஞ்சா போதுமா? வருசம் பூரா யாரு வாங்குவா? அத்தைக்குப் போன் போட்டு, சீசன் முடிஞ்சு வாறேன்னு சொல்லி வையி. எடத்த விட்டுறாம இருக்கட்டும்."

"அத்தைகிட்டப் பேசிட்டேன்பா. பஸ்லயே."

"என்னன்னு?"

"நான் வரல்ல, வேற புள்ளைக்குக் குடுத்துருங்கன்னு. பக்கத்துலயே ஒரு புள்ள அந்த வேலையக் கேட்டுக்கிட்டு நின்னுச்சாம். அத்த அப்பவே கூட்டிக்கிட்டுப் போய் மொதலாளிகிட்ட விட்டுட்டாங்க."

அப்பாவின் கை கல்லின் மேல் நின்றது. உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தமும் நின்றது. நான் செருப்பைக் கழற்றாமலே பின்பக்கம் போய், சுவரில் மாட்டியிருந்த சாக்கையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு விறகு சுமக்கக் கவ்வாத்து மலைக்கு ஏறினேன்.